அயனி அடி படலத்தைக் கெடுக்குமா, உருப்படியாக்குமா?

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறார். ப்ராஜெக்டுக்கு ஸ்பட்டரிங் முறையில் (வெற்றிட அறையில் 'டார்கெட்' என்னும் உலோகத் தகட்டை ஆர்கான் அயனிகளால், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களால், அடித்து, தெறிக்கும் அணுக்களை 'சப்ஸ்ட்ரேட்' என்னும் எதிர்த் துண்டில் படிய வைப்பது) டைட்டானியம் நைட்ரைடு படலம் போடுகிறார். பயாஸ் (அயனிகளை இழுக்க, துண்டு வைத்த ஹோல்டருக்குக் கொடுக்கும் மைனஸ் வோல்ட்டேஜ்) கொடுக்காமல் போட்டால் மங்கின பழுப்பு நிறம், நகம் பட்டாலே கோடு விழுகிறது. மைனஸ் 150 வோல்ட் டிசி பயாஸ் கொடுத்தால் தங்கம் மாதிரி மின்னுகிறது. ஆனால் கண்ணாடித் துண்டில் போட்டது மறுநாள் காலையில் செதில் செதிலாக உரிந்து கிடக்கிறது. அதே சேம்பரில் கூடவே வைத்த ஸ்டீல் துண்டில் படலம் அப்படியே நிற்கிறது. கைடு, "அயனி வந்து மோதினா படலம் கெட்டுப் போகும்" என்கிறாராம். படித்த கட்டுரைகளோ மோதினால்தான் நல்ல படலம் என்கின்றன. யார் சொல்வது சரி?

இரண்டும் சரிதான். எத்தனை அடி, ஒவ்வொரு அடியும் எவ்வளவு பலம் என்பதை மட்டும் இரண்டு பேரும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். உன் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எனக்கு இது முதலில் விளங்கினது எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் தாய்மாமா வடசேரியில் கோவில் நகை வேலை செய்தவர். சின்ன வயதில் லீவுக்குப் போனால் பட்டறையில் உட்கார்ந்து தகடு அடிப்பதை வேடிக்கை பார்ப்பேன். ஒருநாள் ஆசைப்பட்டு நானும் சுத்தியலை எடுத்து ஓங்கிப் போட்டேன். தகட்டில் குழி விழுந்தது, ஓரம் கிழிந்தது. மாமா சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு, "லே மக்கா, ஓங்கி அடிச்சா கிழியும். மெள்ள அடி, நெறைய அடி" என்றார். பிறகு கோட்டிங் வேலைக்குப் போய் இருபது வருஷம் வெட்டுக் கருவிகளுக்கு இதே டைட்டானியம் நைட்ரைடைப் பூசினேன். மாமா சொன்னதைத் தாண்டி நான் பெரிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் அடியின் அளவு. ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்கிறேன்: ஓர் அயனி 1 வோல்ட்டில் இழுபட்டுப் பெறும் ஆற்றல் அது, 150 வோல்ட் பயாஸ் என்றால் ஏறக்குறைய 150. அறை வெப்பநிலையில் ஓர் அணுவின் வெப்ப ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவு. பொருளைச் சூடாக்கி ஆவியாக்கிப் படலம் போட்டால் வந்து உட்காரும் அணுவுக்கு 0.1, 0.2 இருக்கும். ஸ்பட்டரிங்கில் டார்கெட்டிலிருந்து தெறித்து வரும் அணுவுக்குச் சில எலக்ட்ரான் வோல்ட். திடப்பொருளின் மேற்பரப்பில் ஓர் அணுவைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பும் அதே அளவுதான்: தாமிரத்தில் 3.5, டைட்டானியத்தில் 5-க்குச் சற்றுக் குறைவு, டங்ஸ்டனில் 8.7. அதனால் 500 எலக்ட்ரான் வோல்ட் ஆர்கான் அயனி ஒன்று வந்து விழுந்தால் அது நூறு பேரைத் தள்ளிவிடும் பலத்தோடுதான் வருகிறது. வேகம் கணக்குப் போட்டால் நொடிக்கு 49 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் பஸ் ஏறி மார்த்தாண்டத்தில் இறங்குகிற தூரம், ஒரே நொடியில்.

அவ்வளவு வேகமாக வந்தும் அது ஆழமாகப் போவதில்லை. ஒன்றிரண்டு நானோமீட்டர், அதாவது ஏழெட்டு அணு அடுக்குக்குள் நின்றுவிடும். அதற்குள் கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் பட்ட காய்கள் போல ஒன்றை ஒன்று இடித்து, ஒரு பிக்கோ நொடிக்குள் எல்லாம் அடங்கிவிடும். இடிபட்டதில் சில மேல்நோக்கித் திரும்பி வெளியே தெறிக்கும். அதுதான் ஸ்பட்டரிங். 1852-ல் குரோவ் என்பவர் மின் இறக்கக் குழாய்க்குள் எதிர்மின்வாயின் உலோகம் தேய்ந்து வேறிடத்தில் படிவதைக் கண்டு எழுதினார். அது ஏன் என்பதற்கு ஒழுங்கான கணக்கு 1969-ல் சிக்மண்ட் கொடுத்ததுதான். அதே 500 எலக்ட்ரான் வோல்ட் ஆர்கானுக்குத் தாமிரம் ஓர் அயனிக்கு இரண்டுக்கு மேல் அணு கொடுக்கும், வெள்ளி மூன்று, டைட்டானியம் அரை. டைட்டானியம் டார்கெட்டை வைத்துக்கொண்டு படலம் மெதுவாகத்தான் வளருகிறது என்று நீ பம்பைக் குறை சொல்ல வேண்டாம், அதன் சுபாவம் அது.

இனி படலத்தின் பக்கம். பயாஸ் இல்லாமல், குளிர்ந்த கண்ணாடியில் அணுக்கள் வந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நகர்ந்து நல்ல இடம் தேடத் தெம்பு கிடையாது. சற்று முன்னே வளர்ந்த மேடு, பக்கத்துப் பள்ளத்துக்கு வரவேண்டியதை மறித்து வாங்கிக்கொள்ளும். தோப்பில் பெரிய மரத்தடியில் கன்று சவலையாக நிற்குமே, அதே கதை. கடைசியில் கிடைப்பது இடைவெளி விட்டு நிற்கும் தூண்கள். இந்த இடுக்குகள் வழியே காற்றிலிருந்து ஆக்சிஜனும் ஈரமும் உள்ளே போகும். உன் பழுப்பு நிறம் அதுதான், நகக்கீறல் விழுவதும் அதனால்தான். தூண்கள் தனித்தனியாக நிற்கின்றன, பக்கத்துத் தூணின் கைப்பிடி கிடையாது. வெப்பநிலை, வாயு அழுத்தத்தைப் பொறுத்துப் படலங்களை வகை பிரித்து 1974-ல் தார்ன்டன் போட்ட மண்டலப் படத்தில் இது முதல் மண்டலம்.

அங்கே அயனி வந்து தட்டினால் மேட்டு நுனி அணு பள்ளத்துக்கு உருளும், சரியாக ஒட்டாதது விலகும், இடுக்கு அடைபடும். படலம் கெட்டியாகும், தங்க நிறம் வரும். இதற்குப் பெரிய அடி வேண்டியதில்லை. மேற்பரப்பு அணுவை நகர்த்த 20 எலக்ட்ரான் வோல்ட் போதும். அந்த அளவில் உள்ளே அடுக்கில் இருக்கும் அணு பெயராது, அதைப் பெயர்க்கப் பல பொருள்களில் 25-க்கு மேல் வேண்டும். மேலே சரிசெய்யும், உள்ளே சேதம் செய்யாது. நான் சொல்லும் 'மெள்ள அடி' இதுதான்.

'நெறைய அடி' என்பதற்கும் கணக்கு உண்டு. சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர் அயனி மின்னோட்டம் வந்தால், மேற்பரப்பின் ஒவ்வோர் அணுவுக்கும் நொடிக்கு ஆறு அடி விழுகிறது. படலம் நொடிக்கு 1 நானோமீட்டர் வளர்ந்தால், வந்து சேரும் ஒவ்வொரு டைட்டானியம் அணுவுக்கும் சராசரியாக ஓர் அயனி. பல கல்லூரிகளில் இருக்கும் சாதாரண மேக்னட்ரானில் (டார்கெட்டுக்குப் பின்னால் காந்தம் வைத்த ஸ்பட்டரிங் கருவி) சப்ஸ்ட்ரேட் பக்கம் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது, பிளாஸ்மா (அயனியும் எலக்ட்ரானும் கலந்த வாயு) முழுக்க டார்கெட்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்போது ஆட்கள் என்ன செய்கிறார்கள்? எண்ணிக்கையைக் கூட்ட வழி தெரியாமல் பலத்தைக் கூட்டுகிறார்கள். பயாஸ் குமிழியைத் திருப்புவது சுலபம் இல்லையா. நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய்.

பத்து அயனி 20 வோல்ட்டிலும், ஓர் அயனி 200 வோல்ட்டிலும் கொண்டு வருவது ஒரே ஆற்றல்தானே என்று தோன்றும். ரொம்ப நாள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், 'ஓர் அணுவுக்குச் சராசரி ஆற்றல்' என்ற ஒரே எண்ணை வைத்துக் கோடு வரைந்தார்கள். 1993-ல் பெட்ரோவ், கிரீன் முதலியவர்கள் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடில் இரண்டையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்து, கணக்கு ஒன்றானாலும் படலம் ஒன்றல்ல என்று காட்டினார்கள். எண்ணிக்கை கூடினால் படலம் கெட்டியானது. பலம் கூடினபோது கூடவே ஆர்கான் உள்ளே சிக்கியது, தகைவு ஏறியது.

தகைவு என்றால் எப்படி? மாலை ஐந்து மணிக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டில் கிளம்பும் பஸ்ஸை நினைத்துக்கொள். கண்டக்டர் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று தள்ளும்போது முதலில் இடைவெளி நிரம்பும், அது நல்லதுதான். நிரம்பின பிறகும் தள்ளினால்? உள்ளே இருப்பவர் எல்லாம் பக்கவாட்டில் தகரத்தை நெம்புவார்கள். 150 எலக்ட்ரான் வோல்ட் அயனி, இடமில்லாத இடத்தில் டைட்டானியத்தையும் நைட்ரஜனையும் ஆர்கானையும் செருகுகிறது. படலம் விரியப் பார்க்கிறது, கீழே இருக்கும் கண்ணாடி விடமாட்டேன் என்கிறது. இதுதான் அமுக்கத் தகைவு. மாமா தகட்டை ஒரு பக்கமே அடித்துக்கொண்டு போனால் அடிபட்ட பக்கம் புடைத்து, தகடு ஆமை ஓடு போல வளையும். மெல்லிய கவர் கிளாஸில் நீ படலம் போட்டுப் பார்த்தாலும் அப்படியே படலப் பக்கம் புடைக்கும். அந்த வளைவை அளந்து தகைவைச் சொல்லும் சூத்திரம் ஸ்டோனி கொடுத்தது, 1909-ல். நம் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்னும் தாது இருப்பதை ஷோம்பர்க் கண்டுபிடித்ததும் அதே 1909-ல்தான். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது, ஆனால் மோனசைட்டுக்குக் கீழே திரும்ப வருவேன்.

உரிவதற்குக் கணக்கு இது. படலத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல், தடிமனோடு நேராகவும் தகைவோடு இருமடியாகவும் ஏறும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் ஆற்றல் இரண்டு மடங்கு, தகைவை இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்கு. 1 மைக்ரான் டைட்டானியம் நைட்ரைடில் 3 கிகாபாஸ்கல் தகைவு என்று வைத்துக்கொள் (பயாஸ் கொடுத்த படலத்தில் இது சாதாரணம்), சதுர மீட்டருக்கு 15 ஜூல் வரும். கண்ணாடியைப் பிளப்பதற்கே 8 ஜூல் அளவுதான் வேண்டும். அதனால் சில சமயம் ஒட்டு விடாது, கண்ணாடியே சிம்பு சிம்பாகப் பெயர்ந்து வரும். உன் செதிலைப் பூதக்கண்ணாடியில் பார், அடியில் கண்ணாடித் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று.

இது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கோட்டிங் ஷாப்பில், நிறம் இன்னும் பளிச்சென்று வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டதற்காக ராத்திரி ஷிப்டில் யாரோ பயாஸை மைனஸ் 100-லிருந்து 250-க்கு ஏற்றிவிட்டார்கள். எழுதியும் வைக்கவில்லை. காலையில் நான் போய்க் காற்றுத் திறந்துவிட்டு சேம்பரைத் திறந்தேன். அத்தனை டிரில் பிட்டும் ஜம்மென்று தங்கமாக நின்றது. டீ குடித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றால் 'சிட்... சிட்...' என்று சத்தம், கடுகு வெடிப்பது போல. நுனியிலிருந்து செதில் தெறித்துக்கொண்டிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது, பழைய டெலிபோனின் சுருள் வயர் மாதிரி ஒரு புடைப்பு நெளிந்து நெளிந்து கண் முன்னாலேயே ஊர்ந்து போனது. மழைக்காலம், காற்றில் ஈரம். விரிசல் நுனியில் ஈரம் போய் உட்கார்ந்தால் பிணைப்பு அறுவது சுலபமாகும். வேக்குவத்தில் நின்ற படலம் வெளிக்காற்றில் விழுவது இதனால்தான். நம்ம ஊர்க் கடற்காற்றில் உன் துண்டு ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறது, காலையில் உரிந்ததில் அதிசயம் இல்லை.

ஆனால் ஸ்டீலில் நின்றது, கண்ணாடியில் விழுந்தது என்கிறாயே, எனக்கு அதுதான் முக்கியத் துப்பு. வெப்பத்தில் விரிவது சுருங்குவதைக் காரணம் சொல்ல முடியாது. டைட்டானியம் நைட்ரைடும் சாதாரணக் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே அளவு விரிகின்றன, ஸ்டீல்தான் கூடுதலாக விரியும். அப்படிப் பார்த்தால் ஸ்டீலில்தான் தகைவு கூடுதல். கண்ணாடியின் குற்றம் வேறு: அது மின்சாரம் கடத்தாது. நீ மைனஸ் 150 கொடுத்தது ஹோல்டருக்கு. முதல் அயனிகள் வந்து விழுந்ததும் கண்ணாடி முகத்தில் பிளஸ் மின்னூட்டம் சேர்ந்து அடுத்ததைத் தள்ளிவிடும், முகம் பிளாஸ்மா வைத்த நிலையிலேயே மிதக்கும். ஆகவே ஆரம்பத்தில் படிந்த பத்து இருபது நானோமீட்டர், பயாஸே இல்லாத படலம். தொளதொளவென்ற தூண்கள். பிறகு படலம் கடத்தத் தொடங்கி, துண்டைப் பிடிக்கும் உலோகக் கிளிப்போடு தொட்டதும் பயாஸ் திடீரென்று பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் வளர்ந்தது கெட்டியான, நெம்புகிற படலம். சுருக்கமாகச் சொன்னால், சொரசொரத்த மணல் சுவரில் சிமென்ட் பூச்சு. ஸ்டீலில் முதல் அணுவிலிருந்தே பயாஸ் இருந்தது, அதனால் நின்றது.

எனவே கண்ணாடிதான் வேண்டும் என்றால் ஆர்எஃப் பயாஸ் (வேகமாக மாறி மாறி வருவதால் மின்சாரம் கடத்தாத துண்டிலும் வேலை செய்யும்) கேட்டு வாங்கு. அது இல்லையென்றால் முதலில் 50 நானோமீட்டர் வெறும் டைட்டானியம் போடு, கிளிப்பைத் தொடுகிற மாதிரி. டைட்டானியம் கண்ணாடியின் ஆக்சிஜனோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும், கடத்தவும் செய்யும். பிறகு நைட்ரஜனைத் திறந்து, பயாஸை மைனஸ் 50, 60-ல் வை. அயனி எண்ணிக்கைக்கு, சப்ஸ்ட்ரேட்டைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோ. மேக்னட்ரானின் வெளிவட்டக் காந்தத்தை நடுக்காந்தத்தைவிடப் பலமாக்கினால் பிளாஸ்மா சப்ஸ்ட்ரேட் வரை வழியும். 1986-ல் விண்டோவும் சாவிடெஸும் சொன்ன சமன்குலைந்த மேக்னட்ரான் இதுதான், செலவு சில காந்தம் மட்டும். லேபில் யாராவது கை வைக்க விடுவார்களா என்பது வேறு கேள்வி.

சூடும் உதவும். இங்கேதான் மோனசைட். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டும் சிர்கான் என்னும் இன்னொரு தாதுவும் அருகருகே கிடக்கின்றன. இரண்டுக்கும் உள்ளே தோரியம், யுரேனியம் உண்டு, மோனசைட்டில் மிக அதிகம். ஒவ்வோர் ஆல்ஃபா சிதைவிலும் பின்னுக்கு உதைபடும் கனமான அணுக்கரு 70 முதல் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு சில பத்து நானோமீட்டர் ஓடி, ஆயிரம் அணுவை இடம்பெயர்க்கும். கோடிக்கணக்கான வருஷமாக உள்ளிருந்தே நடக்கும் அயனி அடி. இதை அதிகம் வாங்கின சிர்கான் படிக ஒழுங்கை இழந்து கண்ணாடி போலாகிறது, அடர்த்தி 4.7-லிருந்து 3.9 வரை இறங்கும். அதைவிடப் பல மடங்கு அடி வாங்கும் மோனசைட்டோ பெரும்பாலும் படிகமாகவே இருக்கிறது. குறைந்த சூட்டிலேயே அதன் அணுக்கள் திரும்பித் தத்தம் இடத்துக்குப் போய்விடும், சிர்கானில் போகாது. எவ்வளவு அடி வாங்கியது என்பதோடு, வாங்கினதை ஆற்றிக்கொள்ள முடிகிறதா என்பதும் சேர்ந்தே முடிவு. மாமாவும் நாலு சுற்று அடித்தால் தகட்டை ஒருமுறை தீயில் காட்டி எடுப்பார். உனக்கு 300 டிகிரி ஹீட்டர் இருந்தால் போடு, செருகப்பட்ட அணுக்களில் கொஞ்சம் தங்கள் இடம் பார்த்துக்கொள்ளும்.

எப்போதும் மெள்ளத்தான் அடிக்க வேண்டும் என்றும் இல்லை. வைரம் போன்ற கார்பன் படலத்துக்கு 100 எலக்ட்ரான் வோல்ட் அளவு அடி கட்டாயம். கார்பன் அயனி மேற்பரப்புக்குக் கீழே புகுந்து அங்கே நெருக்கினால்தான் வைரப் பிணைப்பு உருவாகும். தகைவு 10 கிகாபாஸ்கலும் வரும், அதைத் தாங்கும் வழி தனியே பார்க்க வேண்டும்.

உன் நண்பர் துத்தநாக ஆக்சைடு போடுகிறார், நடுப்பகுதி மட்டும் மோசமாக வருகிறது என்று கடைசியில் எழுதியிருந்தாய். அது நீங்கள் கேட்காமலே வரும் அடி. ஆக்சைடு டார்கெட்டிலிருந்து ஆக்சிஜன் எதிர் அயனிகள் கிளம்பும். டார்கெட்டே மைனஸ் என்பதால் அது அவற்றை முழு வோல்ட்டேஜிலும் எதிரே தள்ளும், நூற்றுக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட். டார்கெட்டின் தேய்மான வளையத்துக்கு நேரே உள்ள இடம்தான் அதிகம் அடிபடும். துண்டைப் பக்கவாட்டில் தள்ளி வைக்கச் சொல், அல்லது வாயு அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொல், வழியில் இடித்து இடித்து வேகம் குறையும்.

இன்னொன்று, எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிரால் மேற்பரப்பின் வேதி நிலையைப் பார்க்கும் சோதனை) எடுக்கப் போகும்போது 'மேலே அழுக்கு இருக்கும், ஆர்கானால் கொஞ்சம் சுரண்டிவிட்டு எடுங்கள்' என்று சொல்லிவிடாதே. டைட்டானியம் டை ஆக்சைடை ஆர்கானால் அடித்தால் ஆக்சிஜன் முதலில் போய்விடும், நான்கு இணைதிறன் டைட்டானியம் மூன்றாக இறங்கிக் காட்டும். அதைப் படலத்தின் குறைபாடு என்று எழுதிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். குறை வைத்தது ஆர்கான் அயனித் துப்பாக்கி.

சாய்வாக அயனியை விட்டால் மேற்பரப்பில் அலை அலையாக வரி விழுவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். சொத்தவிளைக் கடற்கரையில் காற்று மணலில் போடும் வரியேதான் பார்வைக்கு, அளவு மட்டும் பத்து நானோமீட்டரிலிருந்து மைக்ரான் வரை. காரணம் வேறு. அயனி தன் ஆற்றலைச் சற்று உள்ளே போய்க் கொட்டுவதால், மேட்டைவிடப் பள்ளத்தின் முகம் அந்த இடத்துக்குக் கிட்டே இருக்கிறது, பள்ளம் வேகமாக அரிபடும். அணுக்கள் மேற்பரப்பில் ஊர்ந்து அதை நிரவப் பார்க்கும். இரண்டும் இழுபறி போட்டு ஓர் அலைநீளம் நிலைக்கும். 1988-ல் பிராட்லியும் ஹார்ப்பரும் எழுதியது. உன் ப்ராஜெக்டுக்கு இது வேண்டாம், ஆசைக்குப் படி.

டெல்லியில் உள்ள பெல்லட்ரான் என்னும் அயனி முடுக்கியில் 100 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெள்ளி அயனி போட்ட கட்டுரைகளை இதோடு கலக்காதே. அந்த அயனி உன் படலத்தை அப்படியே துளைத்துக்கொண்டு கீழே போய்த்தான் நிற்கும், வழியில் அணுவை இடிப்பதைவிட எலக்ட்ரான்களைக் கிளப்பிச் சூடாக்குவதே அதிகம். வேறு பாடம்.

அடுத்த படலம் போடுவதற்கு முன் ஒன்று செய். உரியாமல் மிச்சம் நிற்கும் இடத்தைக் கண்ணாடியின் பின்பக்கத்திலிருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார். முன்னால் தங்கம், பின்னால் பழுப்பு என்றால் நான் சொன்ன அடி அடுக்குதான் காரணம், டைட்டானியம் போட்டால் தீரும். பின்பக்கமும் தங்கமாகவே தெரிந்தால் என் ஊகம் தவறு, குற்றம் முழுக்கத் தகைவுடையது. பயாஸைக் குறை, தடிமனைப் பாதியாக்கு. எது தெரிந்தது என்று எழுது.